கொடிக்கு வரும் தேன்சிட்டு – படம் எடுப்பது எப்படி?



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு, பதிவேடு, தொழில் பயிற்சி என்று நம் கூட்டமைப்பு இதழில் எத்தனையோ விஷயங்கள் பேசியிருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமாக, நம்ம வீட்டு வாசலுக்குத் தினமும் வந்து போகிற ஒரு விருந்தாளியைப் பற்றிப் பேசலாம். அதுதான் தேன்சிட்டு. கூடவே அதைக் கையில் இருக்கிற செல்போனிலேயே நல்லபடியாகப் படம் எடுக்கும் முறையையும் பார்க்கலாம்.

"பொழப்பு ஆயிரம் கிடக்கு, இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நினைக்காதீங்க. காரணம் இருக்கு. இன்றைக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு செல்போனாவது இருக்கிறது. வாசலில் குருவி கூடு கட்டினால் போதும், பிள்ளைகள் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூட்டுக்குள்ளேயே போனை விட்டுப் படம் எடுக்கிறார்கள். ஆசையில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு படத்துக்காகத் தாய்க்குருவி கூட்டையே விட்டுப் போய்விட வாய்ப்பு உண்டு. முட்டையும் குஞ்சும் வீணாகிப் போகும். ஒரு உயிரின் குடும்பம் கலையாமல் படம் எடுக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பறவை நம்மிடம் வர வேண்டும். நாம் பறவையிடம் போகக் கூடாது. அதைக் கூட்டி வருகிற வேலையைப் பூங்கொடி பார்த்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும்தான்.

யார் இந்தத் தேன்சிட்டு?

நம் ஊர்ப் பக்கம் சாதாரணமாகப் பார்க்கிறது இரண்டு வகை. ஒன்று ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, இன்னொன்று ஊதாத் தேன்சிட்டு. இரண்டுமே மிகச் சின்னப் பறவைகள். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு அலகு நுனியில் இருந்து வால் நுனி வரை அளந்தாலும் 10 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். எடையும் 10 கிராமைத் தாண்டாது.

அடையாளம் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்க. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டில் ஆணுக்கு உச்சந்தலை பச்சையாக மின்னும். முதுகு கருஞ்சிவப்பாக இருக்கும். வாலுக்கு மேலே இடுப்புப் பகுதி ஊதா நிறம், வயிறு மஞ்சள். பெண்ணுக்கு இந்த மினுமினுப்பு எல்லாம் கிடையாது. மேலே சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், தொண்டை வெளுப்பு, வயிறு மஞ்சள்.

ஊதாத் தேன்சிட்டில் ஆண், கூடு கட்டும் காலத்தில் உடம்பு முழுக்கக் கருநீலமாக மின்னும். தூரத்தில் இருந்து பார்த்தால் கன்னங்கரேல் என்றுதான் தெரியும். மற்ற காலத்தில் அந்த நிறம் உதிர்ந்து, பெண் குருவி மாதிரி மங்கலாகி, நெஞ்சின் நடுவில் ஒரு கருப்புக் கோடு மட்டும் மிச்சம் இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இது வேறு ஏதோ குருவி என்று நினைத்துவிடுகிறார்கள்.

பூவுக்கு முன்னால் சிறகடித்து நிற்பதைப் பார்த்து, ‘உலகத்திலேயே சின்னப் பறவை’ என்று பாடப் புத்தகத்தில் படிக்கிற ஹம்மிங் பறவை இதுதான் என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அது இல்லைங்க. ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. நம்ம ஊரில் இருப்பது தேன்சிட்டு. இதனாலும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்க முடியும். ஆனாலும் பெரும்பாலும் காம்பிலோ கொடியிலோ உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். படம் எடுக்கிற நமக்கு இது ரொம்ப வசதி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எந்தக் கொடிக்கு வரும்?

தேன்சிட்டின் அலகு ஊசி போல நீண்டு, கீழ்நோக்கி வளைந்திருக்கும். குழாய் மாதிரி நீண்ட பூக்களுக்குள் விட்டுத் தேன் எடுப்பதற்கு ஏற்ற அமைப்பு இது. பூ ரொம்ப நீளமாக இருந்து அலகு எட்டவில்லை என்றால், பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனைக் குடித்துவிடும். கெட்டிக்காரக் குருவி!

ரங்கூன் மல்லிக் கொடி பல வீட்டு வாசலில் பந்தலாகப் படர்ந்திருக்கும். மாலையில் விரியும்போது வெள்ளையாக இருக்கிற பூ, அடுத்தடுத்த நாளில் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவப்பாக மாறும். இந்தக் கொடிக்குத் தேன்சிட்டு வரும். மயில் மாணிக்கம் என்கிற மெல்லிய கொடியும் நல்லது. சின்னச் சின்னச் சிவப்பு நட்சத்திரமாகப் பூக்கும். விதை போட்டாலே முளைக்கும், வேலியில் ஏற்றிவிட்டால் போதும்.

செங்காந்தளும் கொடிதான். நம் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்று மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் வயலில் சாகுபடியே செய்கிறார்கள். அங்கே பூ பூக்கும் காலத்தில் பெண்கள் காலையில் போய்க் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் கூலி வாங்காமல் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: செங்காந்தளின் கிழங்கு, இலை, விதை எல்லாமே கடும் விஷம். சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் இருக்கிற வீட்டில் இதை வைக்க வேண்டாம்.

நம் தோட்டத்துப் புடலை, பாகல், அவரைப் பந்தலுக்கும் தேன்சிட்டு வரும். அங்கே தேனைவிடச் சிலந்தி, சின்னப் பூச்சிகளுக்காகத்தான் அதிகம் வரும். தேன்சிட்டு தேன் மட்டும் குடித்து வாழ்கிற பறவை இல்லை. குறிப்பாகக் குஞ்சுகளுக்குப் பூச்சிதான் முக்கிய உணவு. வளர்கிற பிள்ளைக்குப் பருப்பும் முட்டையும் வேண்டும் என்று நாம் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

கொடி இல்லாத வீட்டில் செம்பருத்தியும் இட்லிப் பூவும் இருந்தாலும் வரும். வாழை குலை தள்ளியிருந்தால் வாழைப்பூவில் தொங்கிக்கொண்டு தேன் குடிப்பதைப் பார்க்கலாம். சர்க்கரைத் தண்ணீர், தேன் தண்ணீர் கலந்து வைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் புளித்துப் போகும், எறும்பும் மொய்க்கும். ஒரு மண் தட்டில் ஆழமில்லாமல் சுத்தமான தண்ணீர் வைத்து, தினமும் மாற்றினால் போதும்.

படம் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது

முதல் 2 அல்லது 3 நாட்களுக்குப் போனைத் தொடவே வேண்டாம். வாசல் தெளிக்கும்போது, பாத்திரம் விளக்கும்போது ஒரு கண்ணைக் கொடி மேல் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது? எந்தப் பக்கமிருந்து வருகிறது? எந்தக் காம்பில் முதலில் உட்காருகிறது? பூவில் தேன் ஊற ஊற, அதே கொடிக்குத் திரும்பத் திரும்ப வரும். நம்ம ஊருக்குப் பால் வண்டி வருகிற மாதிரி அதற்கும் ஒரு வழக்கம் இருக்கும். அந்த வழக்கம் நமக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள் ஜன்னல் ஓரம், கதவு நிலைக்குப் பின்னால், திண்ணைத் தூணின் நிழல் இவையெல்லாம் நல்ல இடம். கொடியில் இருந்து 8 அல்லது 10 அடி தூரம் இருக்கட்டும். தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் அசையாமல் உட்காருங்கள். திடீரென்று எழுவது, கையை நீட்டிக் காட்டுவது, கூட்டமாக நிற்பது இவைதான் பறவையைப் பயமுறுத்தும். பூத்தொடுத்துக்கொண்டோ, கீரை ஆய்ந்துகொண்டோ இருந்தால் நேரமும் வீணாகாது. நாம் ஆபத்தில்லாத ஆள் என்று பறவைக்கும் பழகிவிடும்.

செல்போனில் செய்ய வேண்டியவை

1. லென்ஸைத் துடையுங்கள். அடுப்படியிலும் வயலிலும் புழங்குகிற போனில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும். படம் புகைமூட்டமாக விழுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். மெத்தென்ற பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

2. பிளாஷ் வெளிச்சத்தையும், படம் எடுக்கும்போது வருகிற 'க்ளிக்' சத்தத்தையும் நிறுத்தி வையுங்கள்.

3. திரையில் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்காதீர்கள். பெரும்பாலான போன்களில் அப்படிப் பெரிதாக்கினால் பறவை கிட்டே வராது, படத்தின் புள்ளிகள்தான் பெரிதாகி உடைந்து போகும். சின்னதாக எடுத்துவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வது நல்லது.

4. பறவை வருவதற்கு முன்பே, அது உட்காரும் பூங்கொத்தைத் திரையில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் இப்படிச் செய்தால் அந்த இடத்திலேயே கூர்மை நின்றுவிடும். பறவை வந்த பிறகு போனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

5. ஒரு படம் எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். பல போன்களில் படம் எடுக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ச்சியாகப் பல படம் விழும். 20 எடுத்தால் ஒன்றிரண்டு தேறும். மற்றதை அன்றைக்கே அழித்துவிட்டால் போனில் இடம் அடையாது.

6. பறக்கும்போது எடுக்க முயற்சி வேண்டாம். சிறகு கலங்கலாகத்தான் விழும். காம்பில் உட்கார்ந்து, அலகைப் பூவில் நுழைக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிதான் நம் நேரம். உட்கார்ந்து குடிக்கிற பழக்கம் நமக்கு வசதி என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பூங்கொத்துக்கு 2 அல்லது 3 அடி தூரத்தில் பந்தல் காலில் போனைத் துணியால் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, நீங்கள் வீட்டுக்குள் போய்விடுங்கள். 5 நிமிடம் போதும். பறவை வந்திருந்தால் அந்த வீடியோவில் இருந்து நல்ல காட்சியை நிறுத்திப் படமாக எடுத்துக்கொள்ளலாம். காலை நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். வெயிலில் போன் சூடாகும். கூடு இருக்கிற கொடியில் இதைச் செய்யவே கூடாது.

"படம் கருப்பா விழுதே, ஏன்?"

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. கண்ணுக்குப் பச்சையும் ஊதாவுமாக மின்னுகிற குருவி, படத்தில் கரிக்கட்டை மாதிரி விழுகிறது. போன் மேல் குற்றம் இல்லை. தேன்சிட்டின் அந்த மினுமினுப்பு சாயம் மாதிரி பூசிய நிறம் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது உண்டாகிற நிறம். வெளிச்சம் சரியான கோணத்தில் பட்டால்தான் தெரியும், கோணம் மாறினால் கருப்பு.

மயில் கழுத்து நிறப் பட்டுச்சேலையை நினைத்துப் பாருங்கள். கடையில் அண்ணாச்சி இப்படித் திருப்பினால் பச்சை, அப்படித் திருப்பினால் நீலம். சேலையில் அது நூலின் வேலை, குருவியில் இறகின் வேலை. ஆனால் இரண்டுக்குமே வெளிச்சம் விழுகிற பக்கம்தான் முக்கியம்.

அதனால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். காலை ஏழு மணியில் இருந்து ஒன்பது மணிக்குள் சாய்வான இளவெயில் விழும்போது எடுத்தால் நிறம் நன்றாக வரும். உச்சி வெயிலில் எடுத்தால் வெள்ளையும் கருப்புமாகத் திட்டுத் திட்டாக விழும். பறவைக்குப் பின்னால் வெறும் வானம் இருந்தாலும் கருப்பாகிவிடும். பின்னால் இலைக் கூட்டமோ சுவரோ இருக்கிற கொத்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பெண் குருவியை 'நிறம் இல்லை' என்று விட்டுவிடாதீர்கள். கூடு கட்டுவது அவள்தான். சிலந்தி வலை, பட்டைத் துணுக்கு, காய்ந்த விதை, புழுவின் எச்சம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, பக்கவாட்டில் வாசலும் அதற்கு மேலே ஒரு சின்னக் கூரையும் வைத்து முடிக்கிறாள். அலகில் பஞ்சோடு கொடியில் உட்கார்ந்திருக்கிற பெண் குருவியின் படம், எத்தனை மினுமினுப்புக்கும் குறைந்தது இல்லை.

கூடு இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். ஒரு குழுக் கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு வருவதாக வைத்துக்கொள்வோம்.

உறுப்பினர்: அக்கா, எங்க வீட்டுத் தாழ்வாரத்துல கொடி நுனியில தேன்சிட்டு கூடு தொங்குது. குஞ்சு சத்தம் கேக்குது. பையன் ஸ்டூல் போட்டு ஏறிப் படம் எடுக்கணும்ங்கறான். ஒரே ஒரு படம், எடுத்தா என்னக்கா?

ஊக்குநர்: ஏம்மா, நீ பிள்ளையைத் தொட்டில்ல போட்டுத் தூங்க வச்சிருக்கே. யாருன்னே தெரியாத ஆளு உள்ள வந்து தொட்டிலுக்குள்ள தலையை விட்டுப் பார்த்தா என்ன செய்வே?

உறுப்பினர்: வெளக்கமாத்தை எடுத்துற மாட்டேன்?

ஊக்குநர்: உன் கையில வெளக்கமாறு இருக்கு. பத்து கிராம்கூட இல்லாத அந்தக் குருவிகிட்ட என்ன இருக்கு? கத்தும், இல்லேன்னா விட்டுட்டுப் போகும். அவ்வளவுதான் அதால முடியும்.

உறுப்பினர்: மனுசக் கை பட்டா அந்த வாசனைக்குத் தாய் குஞ்சைச் சேர்க்காதாமே?

ஊக்குநர்: வாசனைக்காக இல்லம்மா. நாம திரும்பத் திரும்பப் போய்த் தொந்தரவு பண்றதுக்குப் பயந்துதான் விட்டுட்டுப் போகும். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்து கிடந்தா, மெதுவா எடுத்துக் கூட்டுக்குள்ளயே வச்சிட்டு உடனே விலகிடலாம். தாய் வந்து பார்த்துக்கும். இறகு முளைச்ச குஞ்சுன்னா அது பறக்கப் பழகுது. பூனை வராத கிளையில விட்டாப் போதும்.

உறுப்பினர்: அப்போ படம்?

ஊக்குநர்: வீட்டுக்குள்ள ஜன்னல்ல இருந்து, தாய் இரை கொண்டு வர்றப்போ தூரமா எடு. அதுதான் அழகான படமும்கூட. வெறும் கூட்டுக்குள்ள என்ன இருக்கு பார்க்க?

தோழிகளே, இந்தப் பேச்சில் இருக்கிற விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தேன்சிட்டு பெரும்பாலும் 2 முட்டை இடும். ஏறக்குறைய 2 வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகு கூட்டை விட்டுப் பறந்து போக இன்னும் 2 வாரத்துக்குச் சற்று கூடுதலாக ஆகும். மொத்தத்தில் ஒரு மாதக் கணக்கு. கடனில் ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடைப்பட்ட காலம்தான். அதுவரைக்கும் பொறுத்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

கூடு கட்டுகிறபோதும் அடைகாக்கிறபோதும் தொந்தரவு செய்தால் பறவை விட்டுப் போக வாய்ப்பு அதிகம். படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கூட்டை மறைக்கிற இலையைக் கிள்ளுவதும், கொடியை இழுத்துக் கட்டுவதும் கூடாது. அந்த இலைதான் கூட்டுக்குக் குடையும் கதவும். இலை போனால் வெயில் நேராக விழும், காக்காய்க்கும் பூனைக்கும் கூடு கண்ணில் படும்.

பறவை சங்கடப்படுகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கூர்மையாக, விடாமல் கத்தும். கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருக்கும். அலகில் பூச்சியை வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் பக்கத்திலேயே சுற்றும். இதில் எது நடந்தாலும் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். உள்ளே குஞ்சு பசியோடு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

பறவையின் குரலைப் போனில் போட்டுக் காட்டி வரவழைப்பதும் வேண்டாம். தன் இடத்துக்கு வேறு பறவை வந்துவிட்டது என்று பதறி, இரை தேடுகிற வேலையை விட்டுவிட்டு வரும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது.

கொடியை வெட்டும் முன் ஒரு நிமிடம்

பந்தல் அடர்ந்துவிட்டது, பாம்பு வரும் என்று கொடியை ஒரேயடியாக வெட்டித் தள்ளுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டும் முன் நன்றாகப் பாருங்கள். தேன்சிட்டின் கூடு நுனியில் குப்பை தொங்குகிற மாதிரிதான் தெரியும். கொண்டைக்குருவி கொடிக்குள்ளே கிண்ணம் மாதிரி கட்டியிருக்கும். தையல்சிட்டு இலைகளை நாரால் தைத்து அதற்குள்ளே கூடு வைத்திருக்கும். தைத்த இலையைக் கண்டால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழியுங்கள். தரையோரம் படர்ந்ததை மட்டும் கழித்துச் சுத்தம் செய்தாலே பாம்பு பயம் பெருமளவு குறையும்.

பூச்சிமருந்து விஷயமும் அப்படித்தான். பந்தலில் புழு விழுந்தவுடன் கடையில் கொடுக்கிற கடும் மருந்தை அடித்தால் புழுவோடு சிலந்தியும் தேனீயும் போய்விடும். குஞ்சுக்கு இரை இல்லாமல் போகும். வீட்டுப் பந்தலுக்கு வேப்பங்கொட்டைச் சாறு பெரும்பாலும் போதும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளியுங்கள். மாலையில் தேனீ நடமாட்டம் குறைந்திருக்கும். நம் பிள்ளைகள் சாப்பிடுகிற காயிலும் விஷம் ஏறாது.

படத்தைப் பதிவேடு ஆக்குவோம்

பதிவேடு எழுதாத குழு எவ்வளவு நல்லா நடந்தாலும் தரமதிப்பீட்டில் நிற்காது என்று நமக்குத் தெரியும். பறவைக்கும் அதே கதைதான். 'முன்னெல்லாம் எவ்வளவு குருவி வரும், இப்ப எங்க வருது' என்று எல்லோரும் பேசுகிறோம். எழுதி வைத்தவர் யார்?

2023ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. ஏறக்குறைய 30,000 பறவை ஆர்வலர்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளை வைத்து 942 வகைப் பறவைகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்தது 338 வகைக்கு மட்டும். அவற்றில் 204 வகைகள் குறைந்திருப்பது தெரிந்தது. பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் மட்டும் சேர்ந்து கொடுத்த கணக்கு இல்லை இது. வீட்டு வாசலில், வயலில் பார்த்ததைச் சாதாரண மக்கள் தேதியோடு எழுதியதால் கிடைத்த கணக்கு.

நாமும் எழுதலாம். ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், என்ன பறவை, ஆணா பெண்ணா, எந்தப் பூவில், என்ன செய்தது என்று 7 கட்டம் போடுங்கள். படம் இருந்தால் அடையாளம் உறுதிப்படும். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணி, 'இ-பேர்ட்' என்கிற இலவசச் செயலியில் பதிய வேண்டும். வாசலில் கோலம் போட்ட கையோடு செய்துவிடலாம். செயலி தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற மகளிடமோ மகனிடமோ கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

'படம் எடுக்கிறதெல்லாம் ஆம்பளைங்க வேலை' என்று யாராவது சொன்னால் ஒரு விஷயம் சொல்லுங்கள். தேனி மாவட்டத்தில் பிறந்த ரதிகா ராமசாமி, இன்றைக்கு நாடறிந்த வனவிலங்குப் புகைப்படக் கலைஞர். பறவைகளைப் படம் எடுப்பதில் பெயர் பெற்றவர். பறவைப் படங்களுக்கென்றே 2010இல் புத்தகமும் வெளியிட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது பெரிய கேமரா, நம்மிடம் இருப்பது சின்ன போன். ஆனால் காத்திருக்கிற பொறுமை இருவருக்கும் ஒன்றுதான். அந்தப் பொறுமையில் நம் பெண்களை மிஞ்ச ஆள் உண்டா?

படத்தை மற்றவர்களுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பின்னால் வீட்டுப் பெண் பிள்ளைகள் முகமோ, கதவு எண்ணோ விழுந்திருந்தால் வெட்டிவிடுங்கள். கூடு இருக்கிற இடத்தை எல்லோருக்கும் சொல்லாதீர்கள். பார்க்க வருகிற கூட்டமே கூட்டுக்கு எதிரியாகிவிடும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் தெருவில் எத்தனை வீட்டில் பூங்கொடியோ காய்ப் பந்தலோ இருக்கிறது? அதில் எதற்குத் தேன்சிட்டு வருகிறது?

2. கொடி வெட்டுமுன் கூடு இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் நம் வீட்டில் உண்டா?

3. கூடு இருக்கும் வீட்டில் குஞ்சு பறக்கும் வரை பிள்ளைகளுக்கு என்ன சொல்லி நிறுத்துவது?

4. மயில் மாணிக்க விதை யாரிடம் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து பகிர்ந்துகொள்ளலாமா?

இந்தக் கேள்விகளைப் பேசி முடித்து, பறவை நோட்டு வைப்பதையும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நல்ல படம் கிடைத்தவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், எல்லோரும் பார்ப்போம். படம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். கொடி இருக்கிற வரைக்கும் குருவி நாளைக்கும் வரும்.